தக்காளிக்கு மூன்று வேளை

என் சம்பந்தி தக்காளிச் செடியின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டின் அடியில். கண் மணிக்கட்டுக் கடிகாரத்தில். உதடுகள் எதையோ எண்ணுகின்றன. எண்ணி முடித்ததும் செடியைப் பார்த்துத் தலையசைக்கிறார். "நேத்தைக்கு இன்னிக்கு தேவல" என்று அதனிடமே சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்கிறார்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள், இப்போது மகள் வீட்டோடு இருக்கிறேன். என் வகுப்பில் மரப் பெஞ்சுகூடத் துளிர்விடும் என்பார்கள். சரி, யாரும் சொன்னதில்லை, நானே சொல்லிக்கொள்வதுதான். ஒரு பெஞ்சில் காளான் முளைத்தது மட்டும் உண்மை, அதற்கும் ஒழுகிய கூரைதான் காரணம். ஆனால் அந்தப் பெஞ்சுக்குப் புரிந்த அளவுகூட இந்த மனிதருக்குப் புரியவில்லை என்பதை எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். கை மட்டும் நுழைகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டைப் படித்து, மருந்தைக் கலந்து ஊற்றிக் கொடுத்தவர். டாக்டர் எழுதியதை ஊற்றினேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அவர் என்னத்த எழுதினா என்ன, கை என் கை" என்பார். அதோடு நிற்க மாட்டார். "ஒரு வியாதியும் இல்லாம வர்றவங்கதான் ஜாஸ்தி, சம்பந்தியம்மா. அவங்களக்கூட நான் வெறுங்கையோட அனுப்பினதில்ல." வியாதி இல்லாதவனுக்கே மருந்து கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறவர், வியாதி வந்த செடியை விட்டுவிடுவாரா?

ஓய்வு பெற்றவர் ஜன்னலைத்தான் விட்டுவிட்டு வந்தார், மற்றதையெல்லாம் கையோடு கொண்டுவந்துவிட்டார். முட்டி வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு, பையில் மூன்று பேனா, காதைச் சுற்றி ஒரு சாம்பல் நிற மப்ளர். குளிர் இருக்கிறதோ இல்லையோ மப்ளர் இருக்கும். வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் ஆள் வைத்து இரும்புக் குழாய்களை வளைத்து, மேலே பாலித்தீன் போர்த்தி, ஒரு குடில் கட்டிக்கொண்டார். உள்ளே தக்காளி. பலகையில் வரிசையாகப் பழுப்பு நிறப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் பல்வரிசை போல வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. அந்தக் காலத்து மருந்துப் பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கதவருகே இருக்கும் செடிகள் "வந்துட்டுப் போறவங்க". மூலையில் இருப்பவை "அட்மிட் ஆனவங்க". காலை, மதியம், மாலை, அந்தந்தச் செடிக்கு அந்தந்தப் பல்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

கிண்டல் புரிகிற காது மப்ளருக்கு உள்ளே இருந்ததோ என்னவோ. "வெயில் ஏறுறதுக்கு முன்னாடி" என்று பதில் வந்தது.

மனிதர்களுக்கு மருந்து கலக்கத் தெரிந்தவர்தான், அதை மறுக்கவில்லை. எனக்கும் ஒரு பாட்டில் உண்டு, முட்டி வலிக்கு. ரோஜா நிறம், தித்திப்பு, அடிநாக்கில் லேசான கசப்பு. அதைக் குடிக்க ஆரம்பித்த பிறகு கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறுகிறேன். எலும்பு மருத்துவர் மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தும் ஆகாத காரியம் அது. இதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு செடிப் பக்கம் போனதுதான் கோளாறு.

போட்ட முதல் தக்காளியில் பூவெல்லாம் கொட்டியது. இரண்டாவது தடவை பூ நின்றது, காய் வந்தது, காயின் அடிப்பக்கம் கருத்து அழுகியது. மேலே பார்த்தால் கன்னம்போலப் பளபளக்கும்; திருப்பினால் செருப்புத் தோல். என் மாப்பிள்ளை, அதாவது இவருடைய மகன், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, நாங்கள் தட்டு வைக்கும்போதெல்லாம் மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பவர். அவருக்கு ஓர் அறை வேண்டும். அறை கட்ட இருக்கிற ஒரே இடம் பின்பக்கம்தான்.

மூன்றாவது தடவை நாற்று வைத்த அன்று மாப்பிள்ளை அளவுநாடாவோடு போய்க் குடிலின் நீளத்தை அளந்தார். அளந்துவிட்டுச் சொன்னார்:

"அப்பா, இதுதான் கடைசி. முதல் பறிப்புல ஒரு கூடை நல்ல பழம் காட்டுங்க, நான் வாயே திறக்கல. மறுபடியும் அடி கருத்துச்சுன்னா குடிலப் பிரிச்சிட்டு ரூம் கட்டிடுவேன்."

"போன தடவ டோஸ் பத்தல" என்றார் தகப்பனார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் குடிலுக்கு வெளியே அந்த மனிதர் எப்படி இருப்பார் என்று பார்த்திருக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்துப் பல வருடம் ஆகிறது. சீட்டாட்டம் கிடையாது, செய்தித்தாள் கிடையாது. கூடத்து நாற்காலியில், கைகளை முட்டிமேல் வைத்துக்கொண்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிடக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். அதற்காக நான் உருகிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். குடில் போனால் வார்டு வீட்டுக்குள் வரும், அதுதான் என் கவலை. மழை பெய்து குடிலுக்குப் போக முடியாத ஒரு வாரத்தில் என் நாக்கை மட்டும் எத்தனை முறை நீட்டச் சொன்னார் தெரியுமா? அந்தத் தக்காளி பிழைத்தால்தான் நான் பிழைப்பேன்.

நாற்று வைத்த கொஞ்ச நாளில் குளிர் இறங்கியது. வானம் மூடிக் கிடந்தது. ஒரு காலை, குடில் கதவைக் கையகலம் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் வாங்களேன். வந்ததும் கதவ சட்டுனு சாத்திடுங்க, காத்து அடிக்குது."

உள்ளே போனேன். மூக்குக்கண்ணாடி உடனே பனி பிடித்துக்கொண்டது. அதைத் துடைத்து மாட்டுவதற்குள் ஓர் இலையைத் திருப்பி என் மூக்குக்கு நேரே காட்டினார். அடிப்பக்கம் முழுக்க ஊதா நிறம்.

"பாத்தீங்களா? நீலம் பாரிச்சுப் போச்சு. மூச்சு முட்டுது."

"மூச்சும் முட்டல, பாம்பும் கடிக்கல. மண்ணத் தொட்டுப் பாருங்க, ஐஸ் மாதிரி கெடக்கு. வேர் விறைச்சுப் போயிருக்கு. மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், மண்ணுல நிறையவே இருக்கு, எடுத்துக்கத்தான் வேரால முடியல."

"அப்ப வேருக்குத் தெம்புக்குக் குடுக்கணும்."

"ஒண்ணும் குடுக்க வேணாம். நிழலுக்குப் போட்ட வலைய எடுங்க. ரெண்டு நாள் வெயில் விழட்டும்."

"வெயிலா?" முகத்தில் உண்மையான வருத்தம். "அத எப்படிங்க அளந்து குடுக்கறது?"

விரல் மரத்துப்போனவன் முன்னால் சோற்றுத் தட்டு இருக்கிறது. அவனுக்குத் தேவை நெருப்பு. இவர் இன்னும் இரண்டு கரண்டி சோறு போடுகிறார். அன்றே மணிச்சத்துப் பாட்டிலில் பட்டை ஒட்டப்பட்டது. செடிகள் பட்டையைப் பார்த்துப் பயந்தனவோ என்னவோ, அப்படியே நின்றன. பிறகு மேகம் கலைந்தது, வெயில் வந்தது, மண் சூடேறியது, புதிய இலைகள் பச்சையாக வந்தன. அந்த வாரம் முழுக்க வேலிக்கு அந்தப்பக்கம் போவோர் வருவோரிடமெல்லாம் ஒரே பேச்சு: "டோஸ் புடிச்சுக்கிச்சு!" சூரியன் தினமும் தலைக்கு மேலேதான் போனது. அதைப் பார்த்து ஒரு நன்றி கிடையாது.

காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவில் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. சம்பந்தியின் நடையில் ஒரு மிடுக்கு வந்தது. சாப்பிடும்போது மகனைப் பார்த்து, "கூடை பெரிசா வாங்கி வை" என்றார்.

பிறகு ஒருநாள் மிடுக்கு காணாமல் போனது. குடிலைவிட்டு வரும்போது மப்ளர் காதில் இல்லை, சுருட்டிக் கையில் இருந்தது. மப்ளர் இல்லாத அவர் காதுகளை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"மப்ளர்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. வேர்த்துச்சு."

"வேர்வை உருண்டை உருண்டையாவா இருக்கும்? பிரிங்க பாக்கலாம்."

பிரித்தார். ஐந்தாறு பச்சைக் காய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொட்டு வைத்தாற்போலக் கறுப்பு. மகன் கண்ணில் படாமல் குப்பையில் போட எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இறந்தவர்களைப் பின்வாசல் வழியாக எடுத்துப்போகிற வழக்கம்.

"சுண்ணாம்புச் சத்து கம்மி" என்றார், தணிந்த குரலில். "எனக்குத் தெரியும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

தெரிந்ததுதான் வம்பு. காயில் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்பது சரி. ஆனால் அது மண்ணில் இல்லாமலா போதவில்லை? போன தடவை ஊற்றியதே இன்னும் மண்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. சுண்ணாம்புச் சத்து தானாக நடந்துபோய்க் காய்க்குள் உட்காராது. தண்ணீரோடு சேர்ந்துதான் ஏற வேண்டும். இலை ஈரத்தை வெளியே விட்டால்தான் வேர் தண்ணீரை மேலே அனுப்பும். இந்த மகானுபாவர் குடிலில் எந்த இலை ஈரத்தை விடும்? காற்றே சொட்டச் சொட்ட நனைந்து கிடக்கிறது. கூரையில் கயிறு இழுத்தால் தூக்கிக்கொள்ளும் மூடி ஒன்று உண்டு. குடில் கட்டிக் கொடுத்தவர்கள் காரியமாகத்தான் வைத்தார்கள். சம்பந்தி அந்தக் கயிற்றைச் சுருட்டிக் கட்டிவிட்டார். சுவரும் கூரையும் சேரும் இடுக்குகளில் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியை நீளநீளமாக ஒட்டியிருந்தார்.

"எதுக்கு இது?"

"பச்ச உடம்பு. காத்து பட்டா நெஞ்சுல சளி கட்டிக்கும்."

"யாருக்கு நெஞ்சு? தக்காளிக்கா?"

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டுதான்."

இது போதாதென்று வேரைச் சுற்றி உப்பு. ஊற்றுகிற சத்தெல்லாம் உப்புதானே? அளவு மீறினால் பக்கத்தில் தண்ணீர் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. சுற்றி ஈரம், நடுவில் தாகம். இலை ஓரங்கள் தீய்ந்த அப்பளம்போல் ஆகியிருந்தன. இதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிப் பார்ப்போம் என்று ஓர் உவமை எடுத்துவிட்டேன்.

"இத கேளுங்க. ஒருத்தன் நடுக்கடல்ல மாட்டிக்கிட்டான். சுத்தி தண்ணி, ஆனா அத்தனையும் உப்பு. நாக்கு வறண்டு சாகப் போறான். நீங்க அவனுக்கு என்ன குடுப்பீங்க?"

"சலைன் ஏத்துவேன்."

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இனி இவரோடு பேசுவதில்லை, செடிகளோடு மட்டும் பேசுவது என்று.

தினமும் முற்பகலில் சம்பந்தி தெருமுனை மருந்துக் கடைக்குப் போவார். வாங்குவதற்கு அல்ல. அலமாரி அலமாரியாக எடுத்துப் பார்த்து, எது எப்போது காலாவதி ஆகிறது என்று உரக்கப் படித்துக் காட்டுவதற்கு. வாடிக்கையாளர்கள் வாசலிலேயே திரும்பிப் போவதைக் கடைக்காரர் எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாரோ! சம்பந்தி எங்கள் வாசலைத் தாண்டியதும் நான் குடிலுக்குள் நுழைந்தேன். கயிற்றை அவிழ்த்து இழுத்தேன். மூடி கிறீச்சிட்டுக்கொண்டு தூக்கியது. உள்ளே அடைந்து கிடந்த வெக்கை, பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டம்போல ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வெளியேறியது. செடிகள் "அப்பாடா" என்றன. என் காதில் விழுந்தது; நம்புகிறவர்கள் நம்பலாம். பிறகு குழாயைத் திறந்து நிறையத் தண்ணீர் விட்டேன், வேரடியில் படிந்த உப்பெல்லாம் கரைந்து கீழே இறங்கட்டும் என்று.

அடுத்து பாட்டில்கள். அங்கேதான் என் கைவண்ணம். உள்ளே இருந்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரால் நிரப்பினேன். வெறும் தண்ணீர் என்றால் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? ஒவ்வொன்றிலும் கொஞ்சம் டீ வடித்து ஊற்றினேன். பழுப்புக் கண்ணாடிக்குள் பழுப்புத் தண்ணீர். யாருக்குத் தெரியும்? இனி அவர் மூன்று வேளையும் தவறாமல், ஒரு பல் கூடாமல் குறையாமல், நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவார். தக்காளிக்கு வேண்டியதும் அதுதானே, ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்றில்லாமல் சீரான ஈரம். மனிதரின் கிறுக்கையே மருந்தாக்கிவிட்டேன். அன்று மதியம் அவர் பாட்டிலைத் தூக்கி, குலுக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, பயபக்தியோடு ஊற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன்.

தினமும் இது நடந்தது. அவர் போனதும் மூடி திறக்கும், வருவதற்குள் மூடிவிடும். ஒருமுறை மாட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் கடவுள் என் பக்கம் இருந்தார். சம்பந்திக்குச் சளி பிடித்தது. வாசலில் கால் வைக்கும்போதே லொக்கு லொக்கென்று தெருவே அதிரும்படி இருமுவார். இருமல் கேட்டதும் நான் கயிற்றை விட்டுவிட்டுத் துணி எடுக்க வந்தவள்போலக் கொடியடியில் நிற்பேன். காற்று படாமல் காதை மூடிக்கொண்டு அலைந்தவருக்கே சளி! அந்த மப்ளருக்கு அதைவிட நல்ல மதிப்பெண் யாரும் போட முடியாது என்று எண்ணிக்கொண்டேன். மருந்துக் கடையிலும் இப்போதெல்லாம் முன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடைக்காரரை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. என் வசதிக்கு அது நல்லதாகப் போயிற்று.

கறுப்புப் பொட்டு வைத்த காய்கள் அதற்குப் பிறகு வரவில்லை. புதுக் கொத்துகள் அடி வெளுத்து, வழவழவென்று, குழந்தையின் குதிகால்போல வந்தன. இலை ஓரம் தீய்வது நின்றது.

முதல் பறிப்பன்று மாப்பிள்ளை கூடையோடு வந்தார். இன்னொரு கையில் அளவுநாடா. எங்கள் எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தடவைப் பழங்களை ஒவ்வொன்றாகப் பறித்து, ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். சம்பந்தி நாற்காலி போட்டு உட்காரவில்லை. கோட்டுப் பையில் கைவிட்டு, பேனாக்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே நின்றார். மகன் திருப்புகிற ஒவ்வொரு பழத்துக்கும் அவர் கழுத்தும் கூடவே சாய்ந்தது.

கூடை நிறைந்தது. கடைசிப் பழத்தையும் திருப்பிப் பார்த்த மாப்பிள்ளை அதைச் சட்டையில் துடைத்துக் கடித்தார். சாறு முழங்கை வரை வழிந்தது.

"சரிப்பா" என்றார். வெளியே தொங்கிக்கொண்டிருந்த அளவுநாடாவை விர்ரென்று உள்ளே சுருளவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "நான்தான் சொன்னேனே. மருந்துன்னா உடனே கேக்காது. முன்னாடி குடுத்த டோஸெல்லாம் இப்பத்தான் வேலை செய்யுது."

அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். மகனுக்கு முன்னால் அவரைக் கவிழ்க்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். அதற்குள் கூடையை உள்ளே கொண்டுபோயிருந்த மகள் பழங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டோஸாம்! வேலை செய்யுதாம்! அந்தப் பாட்டில்ல இருந்தது என்னன்னு தெரியுமாடி? டீத்தண்ணி! நான் ஊத்தி வச்சது. உங்க மாமனார் இத்தன நாளா செடிக்கு டீ குடுத்துக்கிட்டு இருந்திருக்கார்!"

நான் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை. மகள் பழத்தைக் கழுவுவதை நிறுத்தவும் இல்லை.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மொத நாளே மாமா பாட்டிலத் தெறந்து மோந்து பாத்துட்டு என்கிட்ட வந்து சொன்னாரு. 'உங்க அம்மா டீத்தூள் கொஞ்சம் தூக்கலா போட்டுட்டாங்க'ன்னு."

நான் உட்கார ஸ்டூலைத் தேடினேன்.

"வாழ்நாள் பூரா மருந்து கலந்தவரும்மா அவரு. டீத்தண்ணி தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் ஊத்தினாராம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'உள்ள வேண்டிய மருந்து ஏறியிருக்கு, கொஞ்ச நாள் வெறும் தண்ணி போனா தப்பில்ல. பேஷண்ட்டுக்குச் சொந்தக்காரங்க ஆசையா ஏதாவது கொண்டு வந்து குடுத்தா தடுக்கக் கூடாது, அவங்க மனசு நோகும்'னாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வேற சொன்னாரு."

நான் கற்றுக் கொடுத்த அறிவியல் அவருக்குச் சொந்தக்காரர் கொண்டுவரும் விபூதிப் பொட்டலம்! நேராகப் போய்க் கேட்டுவிடுவது என்று திரும்பினேன். அதற்குள் இன்னொன்று உறைத்தது.

"அப்போ அந்த இருமல்?"

"அவருக்கு ஏதும்மா சளி?" என்றாள் மகள். இப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீ கயித்த விட்டுட்டு ஓடி வர வேணாமா? முட்டிய வேற வச்சுக்கிட்டு."

"என் முட்டிக்கென்ன? முட்டியெல்லாம் சரியாப் போச்சு. செடி விஷயத்துல அவர் மக்குதான், ஆனா முட்டிக்குக் குடுத்த மருந்து மருந்துதான். அதுல ஒண்ணும்…"

மகள் குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய மோசமான மதிப்பெண்களை என்னிடம் சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் பார்ப்பாள்.

"அம்மா, அதுல சர்க்கரையும் கலரும்தான். கசப்புக்கு ரெண்டே ரெண்டு வெந்தயம் ஊறப் போடுவாரு. என்னைத்தான் எடுத்துத் தரச் சொல்லுவாரு. 'கசந்தாதான் உங்க அம்மா நம்புவாங்க'ன்னு."

அதற்குள் சமையலறை வாசலில் நிழலாடியது. சம்பந்தி. காதைச் சுற்றி மப்ளர் திரும்பவும் ஏறியிருந்தது. ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் நிரப்பிய ரோஜா நிறப் பாட்டில். பக்கவாட்டில் பசை காயாத புதுப் பட்டை, பல் பல்லாய் வெட்டி, கோணல் இல்லாமல்.

"நேத்தே தீந்திருக்குமே, கவனிச்சேன்" என்று என் முன்னால் மேசைமேல் வைத்தார். "முட்டி எப்படி இருக்கு?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. நான் பாட்டிலைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். காலையில் மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியிருக்கிறேன், கைப்பிடியைத் தொடாமல். மூடியைத் திருகினேன். எவ்வளவு கோபமோ அவ்வளவு பெரிய மடக்காக அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

சம்பந்தி என் கையிலிருந்து பாட்டிலை மெல்ல வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கட்டைவிரல் நகத்தைப் பட்டையில் வைத்துத் தடவினார்.

"சம்பந்தியம்மா, ஒரு வேளைக்கு ஒரு பல்லுதான். ரெண்டு எறங்கிடுச்சு."